வேலம்மா எழுதுகிற பக்கம்

...இருமல் நின்றுவிட்டது என்று எழுதுவதா, குறைந்திருக்கிறது என்று எழுதுவதா, நின்றுவிட்டது என்று எழுதினால் அந்தக் கனடாக்காரி மார்கரெட் சந்தோஷப்படுவாள், இஞ்சியும் தேனும் கலந்து குடிக்கச் சொன்னவள் அவள்தான், நான்கு நாளாக இணையப் பக்கத்தின் அடியில், படிக்கிறவர்கள் எழுதிவிட்டுப் போகிற கெஸ்ட்புக்கில் வந்து வந்து கேட்டுவிட்டுப் போகிறாள், வேலம்மா, உன் இருமல் எப்படி இருக்கிறது, வேலம்மா, நேற்றாவது தூங்கினாயா என்று... குறைந்திருக்கிறது என்றே எழுதலாம், அப்போதுதான் நாளைக்கும் எழுத ஏதாவது மிச்சம் இருக்கும். தேவகுமாரி அந்த வரியை ஆங்கிலத்தில் அடித்தாள். என் இருமல் இப்போது பரவாயில்லை. அடித்துவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை, நடுங்கவில்லை, எப்போதும் போலத்தான் இருந்தன. வேலம்மாள் செத்து இன்றோடு இருபத்தோரு நாள் ஆகிறது.

மத்தியானம் இரண்டு மணிக்கே ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கிவிட்டது, சில்வர் ஓக் மரங்கள் இடுப்புக்கு மேல் இல்லை. எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் தேவசிகாமணி காபிப் பழம் பறிக்கும் இடத்தைப் பார்க்கக் கீழ்க்காட்டுக்குப் போயிருந்தார், ஆபீசில் அவளும் கம்ப்யூட்டரும்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்ன முதலாளி இதைப் பெங்களூரிலிருந்து காரில் கொண்டுவந்தபோது கம்பளியில் சுற்றி, பின் சீட்டில் படுக்கவைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து யாரையோ ஊட்டுக்கு அழைத்துவருவது போல இறக்கினார்கள். சின்ன முதலாளியின் பெயர் மரியஅந்தோணி, ஆனால் அவரை டோனி சார் என்றுதான் கூப்பிட வேண்டும். காபி எல்லா மலையிலயும் விளையுது தேவி, நம்மகிட்ட ஒரு முகம் இருக்கு, முகம்தான் விக்கும் என்றார். அந்த முகம் வேலம்மாள். நாகலூரிலிருந்து வேலைக்கு வருகிறவள், அறுபது வயசு இருக்கும், பழக்கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு கிளையை வளைத்துப் பிடித்தபடி ஏதோ சொல்லிச் சிரித்த நேரத்தில் அவர் படம் எடுத்துவிட்டார். அந்தப் படம் பாக்கெட்டில் போயிற்று, பாக்கெட்டின் பெயர் வேலம்மா காபி, கடைசி எழுத்தை வெட்டிவிட்டார்கள், வெளிநாட்டுக்காரர்கள் வாயில் அது நுழையாதாம். அப்புறம் இணையத்தில் ஒரு பக்கம், அதில் தினமும் ஒரு நாட்குறிப்பு, மலையில் காபி பறிக்கிற வேலம்மா தன் கையால் எழுதுவது. எழுதுகிற கை தேவகுமாரியுடையது. மிஷன் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கள் அடித்துச் சொல்லிக்கொடுத்த, கமா தவறாத ஆங்கிலம். முதல் வாரத்துப் பக்கங்களைப் பார்த்துவிட்டு டோனி சார் போனில் சிரித்தார், இவ்வளவு நல்லா எழுதாதே தேவி, கொஞ்சம் தப்பாவே எழுது, அப்பத்தான் நம்புவாங்க. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் நான்கைந்து தப்பு வைக்கிறாள், எங்கே வைப்பது என்று யோசித்து வைக்கிறாள், சரியாக எழுதுவதைவிட அதற்குத்தான் அதிக நேரம் ஆகிறது.

ஆரம்பத்தில் எல்லாம் வேலம்மாளே சொன்னதுதான். சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் படியில் வந்து உட்கார்ந்துகொள்வாள், என்னையப் பத்தி ஊருக்கெல்லாம் எழுதறயாமா கண்ணு, எழுது எழுது, எங்கப்பன் அரூர்ப் பக்கமிருந்து நடந்தே வந்த கதையச் சொல்றேன் என்பாள், மழையில் அட்டை கடித்ததை, சின்னப் பிள்ளையில் கரடியைப் பார்த்ததை, புருஷன் கூடையைப் பின்னிக் கொடுத்துவிட்டு அதே வாரம் இன்னொருத்தியோடு போய்விட்டதைச் சொல்வாள். அதைச் சொல்லும்போதும் சிரிப்பாள். ஆறு மாதத்தில் கதைகள் தீர்ந்துவிட்டன. ஒரு மனுஷிக்கு ஆறு மாதத்துக்குத்தான் கதை இருக்குமா? அதற்குப் பிறகு தேவகுமாரியே சொல்ல ஆரம்பித்தாள், பனியைப் பார்த்தால் எனக்குக் கடல் ஞாபகம் வருகிறது என்று ஒருநாள் எழுதினாள், வேலம்மாள் கடலைப் பார்த்ததே இல்லை, பார்த்தது தேவகுமாரி, பதினோரு வயசில், வேளாங்கண்ணியில். அந்தப் பக்கத்துக்குத்தான் நிறையப் பேர் பதில் எழுதினார்கள். பக்கத்தை ஊரறியச் செய்கிற வேலையும் அவளுடையதுதான், இதே மாதிரி பக்கம் வைத்திருக்கிறவர்களுக்கு மெயில் எழுதுவாள், உங்கள் பக்கத்தில் எங்கள் பெயரைப் போடுங்கள், எங்கள் பக்கத்தில் உங்கள் பெயரைப் போடுகிறோம் என்று, பூனை வளர்க்கிறவர்கள், ரொட்டி சுடுகிறவர்கள், ஜெர்மனியில் ஒரு சர்ச்சு மாதர் சங்கம், எல்லோருடைய கெஸ்ட்புக்கிலும் போய், அழகான பக்கம், அன்புடன் வேலம்மா என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள். சனிக்கிழமை டோனி சார் கூப்பிடுவார், எத்தனை பேர் வந்தார்கள் என்பது ஒன்றுதான் கேள்வி. ஹாலந்தில் ஒரு கடை, கனடாவில் இரண்டு கடை, வேலம்மாவின் முகம் போட்ட பாக்கெட்டுகள் அங்கெல்லாம் அலமாரியில் நிற்கின்றன என்றார். வேலம்மாளிடம் சொன்னபோது அவள், அங்கெல்லாம் நொம்பக் குளிருமேடி, என்றாள்.

போன மாதம் இருபத்தைந்தாம் தேதி, வியாழக்கிழமை. மறுநாள் காலையில் ரைட்டர்தான் சொன்னார், வேலம்மாள் போயிட்டாளாம்மா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலேயே. அடக்கத்துக்குப் போனாள், காட்டோரத்தில் மற்ற ஆட்களோடு நின்றாள், மண் போட்டார்கள், எல்லோரும் அழுதார்கள், தனக்கும் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. ஆபீசுக்குத் திரும்பி வந்து டோனி சாருக்குப் போன் செய்தாள். ஐயோ, எப்பம்மா என்று கேட்டார் அவர், நல்ல மனிதர்தான், அந்த வருத்தம் நிஜமானதுதான், பிறகு சொன்னார், தேவி, கிறிஸ்துமஸ் ஆர்டர் போயிட்டிருக்கற நேரம், இப்ப சொன்னா எல்லாம் நின்னுடும், வேலம்மா ஒரு பிராண்டுமா, பிராண்டு சாகாது, ஜனவரி வரைக்கும் ஓட்டு. சரி சார் என்றாள். அன்று மத்தியானமே எழுதினாள். இன்று நல்ல வெயில், பழங்கள் சிவப்பாக இருக்கின்றன. அதற்குப் பிறகு ஒருநாள்கூட விடவில்லை. கூச்சமாக இருக்கிறதா என்று தன்னைக் கேட்டுப் பார்த்தாள், இல்லை, பயமா, இல்லை, மரத்துப்போன காலில் கிள்ளிப் பார்ப்பது போல எங்கெங்கோ கிள்ளிப் பார்த்தாள், கால் இருப்பது தெரிகிறது, அவ்வளவுதான்.

ஏனுங்க, உள்ள வரலாமுங்களா என்று வாசலில் குரல் கேட்டது. வேலம்மாளின் மகள் காவேரி, தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்து உதறிவிட்டு வெளியிலேயே நின்றாள். இருபத்திரண்டு வயசு, நாகலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், கடைசி இரண்டு வருஷம் வேலம்மாள் இவள் ஊட்டில்தான் இருந்தாள். தேவகுமாரியின் கை தானாகவே போய்த் திரையின் வெளிச்சத்தைக் குறைத்தது. இவளுக்கு இங்கிலீஷ் தெரியாதே, எதற்காகக் குறைத்தேன்?

"உள்ள வா கண்ணு, உக்காரு."

"இல்லீங்கக்கா, பஸ்ஸுக்குப் போகோணும். எங்கம்மா படம் ஒண்ணு வேணுமுங்க. ஊட்ல ஒரு படமும் இல்லீங்க, மாட்டி வெக்கறதுக்கு. எடுத்ததே இங்க மட்டுந்தான்."

"பாக்கெட்டு இருக்குதில்ல? ரெண்டு பாக்கெட்டு குடுத்துவிட்டனே?"

காவேரி தயங்கினாள். "அது எங்கம்மா மாதிரி இல்லீங்க. எங்கம்மாளுக்குச் சொந்தக்காரி ஆரோ மாதிரி இருக்குதுங்க. மச்சத்தக் காணோம். பல்லு வெள்ளையா இருக்குது."

உண்மைதான். பெங்களூரில் யாரோ ஒரு ஆள் அந்தப் படத்தைத் திருத்தி, மேலுதட்டு மச்சத்தை எடுத்து, வெற்றிலைக் கறையைக் கழுவி, கன்னத்தில் கொஞ்சம் வெயிலைப் பூசிவிட்டான். நிஜப் படம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, ஒரு தடவைகூட அதைத் திறந்து பார்க்கவில்லை இந்த இருபத்தோரு நாளில். இப்போது திறந்தாள். மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, முதலில் இலை, பிறகு தலைத்துண்டு, நெற்றி, கண்... காவேரி வாசலை விட்டு உள்ளே வந்துவிட்டிருந்தாள், அவளுடைய ஈரமான சாக்கின் வாசம் அடித்தது, மச்சம் வந்ததும் அவள் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. பிரிண்டரில் போட்டாள், ஒரு பக்கம் வர ஐந்து நிமிஷம் ஆகும். கறக், கறக் என்று காகிதம் கொஞ்சமாக நகர்ந்தது. அந்த ஐந்து நிமிஷத்துக்கு ஏதாவது பேச வேண்டும். என்ன பேசுவது, எப்படி ஆச்சு என்று கேட்டாள், எல்லோரும் கேட்பதுதானே, அடக்கத்தன்றே கேட்டிருக்க வேண்டியது.

"நாலு நாளாவே காய்ச்சலுங்க. இருமுனா நிக்காது. வியாழக்கெழம மத்தியானம் மூச்சு இழுக்க ஆரம்பிச்சுருச்சு. அவரு வேலைக்குப் போயிட்டாரு. இங்க ஜீப்பு நிக்குமேன்னு பூத்துக்கு ஓடுனேனுங்க, போன் பண்ணுனா ரைட்டரு ஜீப்ப அனுப்பிருவாருன்னு. ரெண்டு மணிக்குப் போனேன். என்கேஜ்டு. மறுக்காப் போட்டா மறுக்காவும் என்கேஜ்டு. பூத்துக்காரரே பாவப்பட்டு அவரா போட்டுப் போட்டுப் பாத்தாரு. மூணே காலு வரைக்கும் நின்னேனுங்க. அப்பறம் ஒரு வாடகை ஜீப்பு வந்துச்சு, இருந்தவங்கள எறக்கிவுட்டுட்டு ஏத்திக்கிட்டாங்க. சேலத்துக்குப் போற பெரிய ரோட்டுல லாரி நின்னுக்கிச்சுன்னு குப்பனூர் வழியா எறங்குனோம். குப்பனூர் வர்றதுக்குள்ள போயிருச்சுங்க." காவேரி பிரிண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆரோ பெரிய ஆளுங்க பேசிட்டு இருந்திருப்பாங்க. நம்ம நேரம்."

ரெண்டு மணி. மூணே கால். தேவகுமாரிக்கு முதலில் அது வெறும் நேரமாகத்தான் கேட்டது, பஸ் நேரம் மாதிரி. வியாழக்கிழமை. வியாழக்கிழமை என்ன செய்துகொண்டிருந்தேன்... இணையத்தில் தேடும் தளங்களில் பக்கத்தைப் பதிவு செய்யச் சொல்லியிருந்தார் டோனி சார், பன்னிரண்டு தளங்கள், ஒவ்வொன்றிலும் பெயர், விலாசம், இரண்டு வரி விளக்கம், ஒன்று முடிந்து இன்னொன்று திறக்க ஏழெட்டு நிமிஷம். சாப்பிட்டு வந்ததும் இணைப்பைப் போட்டாள், போன் ஒயர் கம்ப்யூட்டரில், சேலத்து எண்ணுக்குப் போய் அந்தக் கீச்சுச் சத்தம், பிறகு அமைதி, அந்த அமைதியில் உட்கார்ந்து நிதானமாக அடித்துக்கொண்டிருந்தாள், ஒரு நிஜமான பெண்ணின் நிஜமான வாழ்க்கை, தினமும், அவளுடைய சொந்த வார்த்தைகளில். பன்னிரண்டு தடவை அடித்தாள். எழுந்தபோது மணி மூன்றரை. ஜீப் ஷெட்டில்தான் நின்றது, ஜன்னல் வழியாகவே தெரிந்தது, அதன் டாப்பின் மேல் ஒரு கோழி ஏறி நின்றது, அதைப் பார்த்து இதையும் எழுதலாமே என்று நினைத்தாள், நினைத்தது ஞாபகம் இருக்கிறது. மணி அடிக்கவில்லையே அன்றைக்கு? அடிக்காது. அடிக்கவே அடிக்காது. தனக்கு இது தெரியாதா? போன் ஒன்றுதான் என்று தெரியும், இணைப்பில் இருந்தால் வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது என்று தெரியும், ரைட்டர்கூட இரண்டு தடவை சத்தம் போட்டிருக்கிறார். வேலம்மாள் வழியிலேயே போனாள் என்பதும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பார்க்கவில்லையா, பார்க்காமல் இருந்தேனா?

சொல்ல வேண்டியதில்லை. இவளுக்குத் தெரியாது, தெரிய வழியும் இல்லை, பெரிய ஆட்கள் யாரோ பேசினார்கள் என்று அவளே ஒரு காரணம் வைத்திருக்கிறாள், அதோடு அவளால் இருக்க முடிகிறது, அதைப் போய் ஏன் கலைக்க வேண்டும்... காகிதம் பாதிக்கு வந்திருந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது, தன் குரலே யாரோ பக்கத்து அறையில் பேசுவது போலக் கேட்டது.

"பெரிய ஆளுங்க இல்ல காவேரி. நான்தான்."

"நீங்களா? ஆருகிட்டீங்க பேசிட்டிருந்தீங்க?"

"பேசல. இந்தக் கம்ப்யூட்டர் ஓடிட்டிருந்துச்சு."

"கம்ப்யூட்டருக்கு எதுக்குங்க போனு?"

"போன் ஒயர்லதான் இது வெளிய போகும். இது போயிட்டிருக்கறப்ப ஆரு கூப்பிட்டாலும் இங்க மணி அடிக்காது. ஒண்ணே முக்காலுக்குப் போட்டேன். மூணரைக்குத்தான் எடுத்தேன்."

காவேரி கம்ப்யூட்டரிலிருந்து தரையில் ஓடிய ஒயரைப் பார்த்தாள், அது சுவரோரமாகப் போய்ப் போன் பெட்டியில் ஏறுவதைப் பார்த்தாள். கத்துவாள் என்று தேவகுமாரி எதிர்பார்த்தாள், கத்தினால் தேவலை என்றுகூட நினைத்தாள், ஒரு அறை விழுந்தால் கன்னமாவது இருப்பது தெரியும். காவேரி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு என்ன எழுதுனீங்க? எங்கம்மாளப் பத்தித்தானுங்களே?"

"ஆமா."

"படிங்க, கேக்கறேன்."

அந்த வியாழக்கிழமைப் பக்கம் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. காலையிலேயே எழுதிவைத்தது, தளங்களில் பதிவு செய்வதற்கு முன்னால் ஏற்றிவிட்டாள். தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள், சொல்லும்போது தான் வைத்த தப்புகள் எல்லாம் காணாமல் போயின, தமிழில் அந்தத் தப்புகளுக்கு இடமில்லை. நேற்று என் கூடை சீக்கிரம் நிறைந்தது. எனக்கு இருமல் இருக்கிறது, ஆனால் நான் பலமான பெண். சாயங்காலம் என் மகள் வெந்நீர் வைத்து என் காலைக் கழுவிவிட்டாள். அம்மா, நீ இனிமேல் வேலைக்குப் போக வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நான் சிரித்தேன்.

பிரிண்டர் நின்றுவிட்டது.

"நான் அப்படிச் சொல்லலீங்களே" என்றாள் காவேரி.

"தெரியும். நானா எழுதுனது."

"காலெல்லாம் கழுவல. அன்னைக்கு முந்துன நாளு நாங்க ரெண்டு பேரும் சண்டைங்க. மருந்து குடின்னா குடிக்கமாட்டேங்குது, எக்கேடோ கெட்டுப் போன்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன்." பிறகு, "சொல்லியிருக்கலாம்" என்றாள். எதைச் சொல்லியிருக்கலாம் என்று தேவகுமாரி கேட்கவில்லை. எழுந்து போய்ப் பிரிண்டரிலிருந்து காகிதத்தை எடுத்தாள். சிவப்பு மை தீர்ந்திருக்கிறது, வேலம்மாள் நீலமாக வந்திருந்தாள், முகம், கை, பழம் எல்லாம் நீலம், ஆனால் மச்சம் இருந்தது, கறைப் பல் இருந்தது. நாளைக்குச் சேலத்திலிருந்து மை வந்துவிடும், நல்லதாக ஒன்று போட்டுத் தருகிறேன் என்று சொல்ல வந்தாள். காவேரி அதற்குள் வாங்கிக்கொண்டுவிட்டாள், மடிக்காமல் சுருட்டி, சாக்குக்குள் வைத்து, மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் எழுதிட்டுத்தான் இருக்கீங்களாக்கா? எங்கம்மா எழுதற மாதிரி?"

"ம்."

"அது இப்ப என்ன சொல்லுது?"

இருமல் குறைந்துவிட்டது என்கிறது. அதை எப்படிச் சொல்வது? தேவகுமாரி திரையின் வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தாள். காவேரி வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டாள், குனிந்தபடியே, "ஒண்ணே கால் மணி நேரமுங்க, அந்த பூத்துல நின்னேன்," என்றாள், கோபமாக இல்லை, குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்பது போல. பிறகு பனிக்குள் போனாள், நாலு எட்டில் தலை மறைந்தது, இன்னும் இரண்டு எட்டில் சேலைக் கரையும்.

அழலாம் இப்போது, யாரும் இல்லை. உட்கார்ந்து பார்த்தாள். வரவில்லை, வராவிட்டால் போகட்டும்... திரையில் அந்த வரி இன்னும் இருந்தது, அதன் முனையில் ஒரு கோடு மின்னி மின்னி அடுத்த எழுத்துக்குக் காத்திருந்தது. அந்த வரியை அழித்தாள். வேலம்மாள் நவம்பர் இருபத்தைந்தாம் தேதி இறந்துவிட்டாள் என்று அடித்தாள். அதற்குப் பிறகு வந்த பக்கங்கள் அவளுடையவை அல்ல. அதற்கு முன்னால் வந்தவற்றில் பெரும்பாலானவையும் அல்ல. இரண்டு இடத்தில் விரல் பழக்கத்தில் தப்பு வைத்துவிட்டது, திரும்பிப் போய்ச் சரி செய்தாள். போனைப் பற்றி எழுதினாள், மணி எத்தனை என்பதோடு எழுதினாள். டோனி சார் சனிக்கிழமை பார்ப்பார், இல்லை, இன்றைக்கே யாராவது சொல்லிவிடுவார்கள், வேலை போகும், போகட்டும் என்று தைரியமாக நினைக்கிறேனா அல்லது அதுவும் தைக்கவில்லையா? மார்கரெட் படிப்பாள். இஞ்சி எவ்வளவு, தேன் எவ்வளவு என்று வேலை மெனக்கெட்டு அளவு எழுதி அனுப்பியவள்.

ஏற்றுவதற்கு முன்னால் கீழே பெயர் போட வேண்டும். இத்தனை நாளும் ஒரே பெயர்தான் போட்டது, கை அதையே அடிக்கப் போயிற்று, நிறுத்தி, தேவகுமாரி என்று எழுத்தெழுத்தாக அடித்தாள். இதை எழுதுகிறவள் நான்தான் என்று ஒரு வரி. சரி, அதற்கு மேல்? முன்பின் தெரியாத ஒருத்தி திடீரென்று வந்து நான் என்றால் அவர்களுக்கு என்ன புரியும், யார் இவள், எங்கே இருக்கிறாள், எப்படிப்பட்டவள் என்று ஏதாவது சின்னதாகச் சொன்னால்தானே, டோனி சார் சொல்லிக்கொடுத்தது அது, பெரிய விஷயத்தில் ஆரம்பிக்காதே, காலையில் என்ன சாப்பிட்டே, அங்கிருந்து ஆரம்பி. வேலம்மாவுக்கு அது ஒருநாளும் சிரமமாக இருந்ததில்லை, ராகிக் களி, பச்சை மிளகாய், பழையது, கறிவேப்பிலை போட்ட மோர், யோசிக்காமலே வரும். இன்று காலையில் நான்... என்று அடித்தாள். மஞ்சக்குட்டையில் அண்ணன் ஊட்டில் எழுந்தது, ஜீப் ஏறியது, ஆபீஸ் பூட்டைத் திறந்தது எல்லாம் நினைவிருக்கிறது. நடுவில் யாரோ தட்டை வைத்தார்கள், கை கழுவினாள், எழுந்தாள். தட்டில் என்ன இருந்தது? நேற்று? போன வாரம்? தேவகுமாரி விரல்களை எழுத்துகளின் மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள், ஞாபகப்படுத்திப் பார்த்துக்கொண்டு.